பன்னிரண்டு ஊர்ப் பெட்டி

மனிதர்கள் காசு கொடுத்து ஆச்சரியத்தை வாங்குவார்கள் என்று ஒரு காலத்தில் நான் நம்பியிருந்தேன். இளவயதில் எல்லோருக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். சிலர் ரசவாதத்தை நம்புவார்கள், சிலர் மாமனாரை நம்புவார்கள். நான் இதை நம்பினேன். அதுவும் எங்கே? பதுளைக் கடைவீதியில். அரிசி வாங்க வருகிறவர் மூட்டையின் வயிற்றில் குத்தூசியை இறக்கி, மேலே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒரே அரிசிதானா என்று பார்த்த பிறகே விலை கேட்கிற இடத்தில், உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லாமலே மாதம் ஒரு பெட்டி விற்கலாம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையின் மிச்சமாக ஒரு பெட்டி இன்னும் என் வீட்டுச் சமையலறை மூலையில் கிடக்கிறது. சிவப்புச் சாயம், வளைந்த மூடி, பித்தளைக் கொண்டி. சாயம் இன்னும் போகவில்லை. எங்கள் வீட்டுப் பூனை குட்டி போட வேறு எந்த இடத்தையும் ஏற்பதில்லை. நல்ல பெட்டி என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அண்ணியின் நினைவு வரும். அண்ணி என் மூத்த அண்ணனின் மனைவி. எங்களுக்கு அரிசி, பருப்பு, கருவாடு விற்கிற கடை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் முதலாளி. நான் முதலாளியின் தம்பி. அதுவே ஓர் உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொட்டலம் மடிக்க வருகிற பழைய பத்திரிகைகளை, அவை பொட்டலமாவதற்குள் படித்து முடிப்பது என் அன்றாட அலுவல். அண்ணன் பேசுவது குறைவு. மூட்டைக்கு ஒரு சொல் என்று வைத்திருந்தார்போல. அவருக்கும் சேர்த்து அண்ணி பேசினார். திருச்சிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, தாலி கட்டிய கையோடு கப்பலேறி, ரயில் இருந்த மட்டும் ரயிலிலும் அப்புறம் மாட்டுவண்டியிலுமாகப் பதுளைக்கு வந்து சேர்ந்தவர். "நான் பாத்த ஊரு ரெண்டுதான் தம்பி. பொறந்த ஊரு, கட்டிக்குடுத்து அடைச்ச ஊரு" என்பார். ஆனால் அவர் ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திறந்தால் கடைவாசலில் பேரம் பேசுகிறவர்கள் ஒரு கணம் விலையை மறப்பார்கள். வாணிபத்தில் இது எவ்வளவு பெரிய சக்தி என்று அண்ணனுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது என்பதுதான் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த சங்கடம்.

யோசனை வந்தது ஒரு துரையின் பங்களாவில். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அரிசி விஷயமாகப் போயிருந்தேன். அன்றைக்கு அந்தத் துரைக்குக் கொழும்பிலிருந்து மாதப் பெட்டி வந்திருந்தது. காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி உறுமுகிற மனிதர், பங்களாப் படியில் கால் நீட்டி உட்கார்ந்து, வைக்கோலை வாரி இறைத்து, தகர டப்பா ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்துச் சிரித்தார். துரைக்குப் பல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். துரைக்கு மலை சலிக்கிறது என்றால் கங்காணிக்குச் சலிக்காதா? கிளாக்கருக்கு நாக்கு இல்லையா? தேயிலையும் மூடுபனியும் தவிர வேறொன்றும் பார்க்காத மடுல்சீமையில், மாதம் ஓர் ஊரின் சுவை வண்டியேறிப் போய் இறங்கினால் எப்படி இருக்கும்? ஒரு மாதம் திருச்சி, ஒரு மாதம் மதுரை, அப்புறம் தஞ்சாவூர், திருநெல்வேலி, இப்படியே பன்னிரண்டு. ஒரு சின்ன ஜாடி ஊறுகாய், ஒரு பொடி, கொஞ்சம் வற்றல். கூடவே அந்த ஊரைப்பற்றி நான் எழுதிய ஒரு பக்க வருணனை. பெட்டியைத் திறக்கும்வரை எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

அண்ணி கேட்டுவிட்டு, "மதுரை ஊறுகாய் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதே தம்பி" என்றார். எனக்கும் தெரியாது, நான் பதுளையில் பிறந்தவன். ஆனால் படித்திருந்தேன். படித்தவனுக்கு ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள அங்கே போக வேண்டியதில்லை என்பது என் கட்சி. அண்ணி அம்மியைக் கழுவித் துடைத்தார். பிறகு சொன்னார்: "அவங்க மட்டும் நாக்கத் தலைகீழாவா வச்சிருக்காங்க? காரத்தத் தூக்கினா மதுரை. புளியத் தூக்கினா திருநெல்வேலி. வெல்லம் ஒரு கிள்ளு போட்டா தஞ்சாவூர். போங்க, தச்சர்கிட்டப் பெட்டி சொல்லுங்க." இப்படியாக, பதுளை ஓயா ஆற்றங்கரையில் காய்த்த மாங்காயும் பின்வேலியில் காய்த்த நாரத்தங்காயும் பன்னிரண்டு ஊர்களுக்குக் குடிபோகத் தயாராயின. தச்சரிடம் நான் பெட்டியைப்பற்றி மட்டும் அரைநாள் பேசினேன். மூடி வளைந்திருக்க வேண்டும், கொண்டி 'டக்' என்று விழ வேண்டும், சிவப்பு குங்குமம் போலிருக்க வேண்டும்.

மடுல்சீமையில் ஒரு தோட்டமே எனக்கு முதலில் அகப்பட்டது. பெரிய கங்காணி, பெரிய கிளாக்கர், மருந்துசாலை டாக்டர் ஐயா, தேயிலை பாக்டரியின் டீமேக்கர் என்று மாதச் சந்தாக்காரர்கள் சேர்ந்தார்கள். எங்கள் அரிசி வண்டி பெரட்டு நேரத்துக்குப் போய்ச் சேரும். மொத்தத் தோட்டமும் பார்த்துக்கொண்டிருக்க, சிவப்புப் பெட்டிகள் இறங்கும். முதல் மாதத் திருச்சிக்கு நல்ல பெயர். அது உண்மையான திருச்சி, கேட்கவா வேண்டும்? இரண்டாம் மாத மதுரைக்கும் நல்ல பெயர்தான், ஒருவரைத் தவிர. டீமேக்கர் எதையும் சாப்பிடுகிற மனிதர் அல்ல. ருசி பார்க்கிற மனிதர். தேயிலைச் சாயத்தைக் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாயில் உருட்டி, ஓரமாகத் துப்பித் தீர்ப்புச் சொல்கிற பழக்கத்தை அவர் ஊறுகாய்க்கும் கொண்டுவந்துவிட்டார். மதுரையை உறிஞ்சித் துப்பிவிட்டு வண்டிக்காரரிடம், போன மாசத் திருச்சியும் இந்த மாச மதுரையும் ஒரே மலையில் பறித்த கொழுந்து மாதிரி இருக்கிறதே என்று சொல்லியனுப்பியிருந்தார். அண்ணி அதைக் கேட்டு அடுத்த மாதத்துக்கு வெல்லத்தைக் கூட்டுவதாகச் சொன்னார். ஒரு மாதம் போனால் நாக்கு மறந்துவிடும் என்பதில் எங்கள் வியாபாரமே நின்றது.

மூன்றாம் பெட்டி புறப்படுவதற்கு முன் பெரிய கங்காணியே கடைக்கு வந்துவிட்டார். காதில் கடுக்கன், தலையில் ஜரிகைத் தலைப்பாகை, மேலே கம்பளிக் கோட்டு, காலில் ஒன்றுமில்லை. முன்னூறு பேரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் என்று சொல்வார்கள். அவர் உட்கார்ந்தால் அரிசி மூட்டைகூட ஆசனம் போலத் தெரியும். அனுப்பத் தயாராயிருந்த பெட்டி ஒன்று பக்கத்தில் இருந்தது. அதன் கொண்டியைத் தூக்குவதும் விடுவதுமாக இருந்தபடி பேச ஆரம்பித்தார்.

"தம்பி, ஆவணியில மகளுக்குக் கல்யாணம். மிச்சமிருக்கிற பத்தயும் ஒன்னா எடுத்துக்கலாம்னு வந்தேன்."

மாதத்துக்கு ஒன்று என்பதே இதன் தத்துவம் என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது தெரியாமலா தம்பி. மாசாமாசம் கட்டுறோம். கட்டுறவன் வீட்டுல நல்லது பொல்லாதுன்னு வந்தா, அவன் மொதல்ல தூக்கிக்கிட்டு மிச்சத்த அப்புறம் கட்டுவான். சீட்டுன்னா அதுதானே வழக்கம்."

"கங்காணி ஐயா, இது சீட்டு இல்லீங்க."

"மாசாமாசம் கட்டுறோமா இல்லியா?"

"கட்டுறீங்க."

"அப்புறம் சீட்டு இல்லாம வேற என்னங்க?"

மற்ற சந்தாக்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசி அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்களாம். அடுத்தது கிளாக்கர், மகனுக்குக் காதுகுத்து. அதற்கடுத்தது டாக்டர் ஐயா. முறையெல்லாம் போட்டாகிவிட்டது. ஆச்சரியம் என்பதை விற்கப்போன எனக்கே தெரியாமல் நான் ஒரு சீட்டுப் பிடிக்கிறவனாகியிருந்தேன். அண்ணனைப் பார்த்தேன். அந்தத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் அத்தனைக்கும் அரிசி எங்கள் கடையிலிருந்து போகிறது. அண்ணன் அன்றைய மூட்டைக்கான சொல்லைச் செலவழித்தார்: "குடுத்துரு." கங்காணி எழுந்துகொண்டே, பத்தும் இதே சிவப்புத்தானே, இதே அளவுதானே என்று கேட்டார். எவ்வளவு நுணுக்கமான வாடிக்கையாளர் என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

அண்ணியிடம் ஓடிச் சொன்னேன். கல்யாணக் கூட்டத்துக்கு ஊருக்கு ஒரு ஜாடி எப்படிப் பத்தும் என்று முதலில் கேட்டார். சம்பந்தி வீட்டார் உட்காரும் பந்திக்கு மட்டும் இருக்கும், பத்து ஊரையும் ஒரே இலையில் வரிசையாக வைத்து அசத்தப்போகிறார் என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அண்ணியின் முகம் மாறியது. கையிலிருந்த கடுகை முறத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, மாசத்துக்கு ஒன்னு தின்னாத்தான் பன்னெண்டு ஊரு. ஒரே எலையில வச்சா ஒரே அண்ணி."

அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சம்பந்தி பந்தியில் டீமேக்கரும் உட்காருவார், கரண்டியோடு. அந்த மலையில் பாதிப் பேர் மதுரை, சேலம், புதுக்கோட்டை என்று வந்தவர்கள். பத்தும் ஒரே அடுப்பில் இறங்கியது என்று ஒருவர் வாய்விட்டால் போதும். ஊறுகாயில் ஊரை மாற்றியவன் அரிசியில் எதை மாற்றமாட்டான் என்று அடுத்த வாயே கேட்கும். கடையின் பெயர், அண்ணனின் பெயர், எல்லாவற்றுக்கும் மேலே அண்ணியின் கைக்கு இருந்த பெயர், எல்லாம் ஓர் இலையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தன.

அண்ணி தன் கையை மறக்கப் பார்த்தார். உப்பை இரண்டாக்கினார், எண்ணெயைக் குறைத்தார், பூண்டைச் சேர்த்தார், கடுகை எடுத்துவிட்டார். எதைச் செய்தாலும் கடைசியில் நாக்கில் நிற்பது அவராகவே இருந்தது. மனிதர் குரலை மாற்றிப் பேசினாலும் இருமும்போது அகப்பட்டுக்கொள்வதில்லையா, அதைப்போல. முடிவில் அவரே வழி சொன்னார்: ஐந்து ஊர் அவர் கை, ஐந்து ஊர் என் கை. எனக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது என்றேன். அதுதான் வேண்டும் என்றார். உப்பு எவ்வளவு என்று கேட்டேன். "கேக்காதீங்க. கேட்டா அதுவும் என் கையா ஆயிரும்." மிளகாய்ப்பொடி கண்ணில் பட்டதும், வெந்தயம் கருகியதும், கருகியதைக் கொட்ட மனமில்லாமல் சேலம் என்று பெயர் வைத்ததும் நான் விவரிக்க விரும்பாதவை. என் ஐந்து ஊர்களைப்பற்றியும் வருணனை மட்டும் சரளமாக எழுதினேன். சேலத்தைப்பற்றி, 'மாங்கனித் தோப்புகளில் மாலை வெயில் தங்கிச் செல்லும் மணம்' என்று எழுதினேன். அது கருகல்.

கல்யாணத்துக்கு அண்ணியும் வண்டியேறினார். அவமானப்பட்டால் நேரில் படுவதே மரியாதை என்றார். பசறை தாண்டிய பிறகு மழை. வண்டிக்கூண்டுக்குள் பத்துப் பெட்டிகளையும் சாக்குப் போர்த்தி அணைத்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்தார். வளைவுகளில் வண்டி சாயும்போது தன்மேல் சாய்த்துக்கொண்டார், பெட்டிமேல் சாயவில்லை. நான் இறங்கி நடந்தேன். காலில் ஏறிய அட்டைகள் மட்டும் என்னை மதித்து வரவேற்றன.

தோட்டத்தில் இறங்கியதும் பெண்கள் ஓடிவந்து பெட்டிகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். எங்களுக்குக் காப்பி வந்தது, உபசாரம் வந்தது, பந்தி நேரமும் வந்தது. ஊறுகாய் ஜாடிகளை மட்டும் எங்கும் காணோம். அண்ணி மெல்ல எழுந்து கொட்டகைக்குப் பின்னால் சமையல் நடக்கும் இடத்துக்குப் போனார், நான் அவர் பின்னால். அங்கே பத்து ஜாடிகளும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு பெரிய அண்டா. சமையலை நடத்திய பண்டாரி மரத்துடுப்பால் அதைக் கிளறிக்கொண்டிருந்தார். புதுக்கோட்டையும் தஞ்சாவூரும் சேலமும் திருநெல்வேலியும், எட்டுப் பத்துக் கூடை பச்சை மாங்காய்த் துண்டோடு ஒன்றாகச் சுழன்றன.

அண்ணி கவிழ்த்த ஜாடிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஏன் இப்படி என்று நான் கேட்டேன். பண்டாரி துடுப்பை நிறுத்தாமல் பதில் சொன்னார்: "பெட்டியச் சீக்கிரம் காலி பண்ணணும்னு கங்காணி வீட்டம்மா நிக்குறாங்க. ஜாடி ஒன்னொன்னும் கையளவு இருக்கு. இவன் எலையில சேலம், பக்கத்து எலையில வேற ஊருன்னு வச்சா பந்தி வஞ்சனைன்னு நாளைக்குப் பெரட்டுல அடிச்சுக்குவானுங்க. அதான் எல்லாத்தயும் ஒன்னாக் கொட்டிட்டேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி."

அண்ணியின் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். கோவில் உண்டியலில் எதையாவது போடப்போகிறவர்போல முந்தானை முடிச்சைத் தொட்டுக்கொண்டார். அந்த நேரம்தான் டீமேக்கர் வந்தார். கோட்டுப் பையிலிருந்து வெள்ளிக் கரண்டி வெளியே வந்தது. அண்டாவின் ஓரத்தில் தோய்த்து, உறிஞ்சி, கண்ணை மூடி, வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி, கொட்டகைக் காலுக்கு அப்பால் துப்பினார்.

"பத்து ஊருன்னாங்க. இதுல ரெண்டு தோட்டம்தான் இருக்கு."

கரண்டியை இன்னொரு முறை தோய்த்து உறிஞ்சினார்.

"ஒன்னு நல்ல கொழுந்து. கை தெரிஞ்சவங்க பறிச்சது. இன்னொன்னு, கோவிச்சுக்காதீங்க, பாக்டரி மூடுறப்பத் தரையக் கூட்டி அள்ளுவோமே, அந்தத் தூளு."

அண்ணி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல, "அப்படீங்களா. அந்தத் தூளு எத்தன பங்கு இருக்குமுங்க?" என்று கேட்டார். பாதிக்குப் பாதி என்றார் டீமேக்கர். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவமானம் இல்லை. நாற்பது மைல் வட்டாரத்தில் தன் கையை அறிந்த ஒரு நாக்கு இருக்கிறது என்கிற நிறைவு இருந்தது. டீமேக்கர் அதோடு விடவில்லை. அந்தப் பக்கம் அவசரமாகப் போன பெரிய கங்காணியை நிறுத்தி, இது பத்து ஊர் அல்ல என்று சத்தமாகவே சொன்னார். நாங்கள் பயந்துகொண்டிருந்த அந்தச் சொல் கொட்டகை முழுக்கக் கேட்டது. கங்காணி, "எந்த ஊரா இருந்தா என்னங்க, எலையில உப்பு வச்சாச்சான்னு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் மேளம் கேட்டது. பெண் வீட்டுச் சீர் புறப்பட்டது. முன்னால் நாதசுரம், அதன் பின்னால் வரிசையாகப் பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு பேர் தலையிலும் ஒரே அளவு, ஒரே குங்குமச் சிவப்பு, ஒரே பித்தளைக் கொண்டி. முதலில் வாங்கிய இரண்டும் இப்போது வாங்கிய பத்தும். ஒன்றில் மஞ்சள், ஒன்றில் வெற்றிலைபாக்கு, ஒன்றில் தேங்காய், ஒன்றில் கற்கண்டு, ஒன்றில் கூறைப்புடவை. லயத்துச் சனம் முழுக்க வாயைப் பிளந்து நின்றது. அந்த மலையில் அப்படி ஒரு சீர் வரிசை போனதில்லை என்று பக்கத்தில் நின்ற கிழவர் சொன்னார். பெட்டிகளின் அடியில் எண்ணெய்ப் பிசுக்குப் புடவையில் படாமலிருக்கக் காகிதம் விரித்திருந்தார்கள். என் வருணனைகள்தாம். மாங்கனித் தோப்பின் மாலை வெயில் கூறைப்புடவைக்கு அடியில் போனது.

என் வியாபாரம் அந்த ஆவணியோடு முடிந்தது. கிளாக்கரும் டாக்டர் ஐயாவும் தங்கள் முறைக்குக் கேட்டதைக் கொடுத்துத் தீர்ப்பதற்குள் அண்ணன் ஒரு மூட்டைக்கு மூன்று சொல் வரை போகவேண்டியிருந்தது. ஆனால் அண்ணியின் வியாபாரம் அங்கேதான் தொடங்கியது. கல்யாணத்தில் சாப்பிட்ட பெண்கள் பதுளைக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து 'அந்த அண்டா ஊறுகாய்' கேட்டார்கள். அண்ணி தன் கையால் மட்டும் செய்து கொடுத்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் கல்யாணத்தில் இருந்த ஒரு வாசம் இதில் இல்லையே என்றார்கள். அண்ணி யோசித்துப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து ஜாடிக்கு ஒரு பிடி வெந்தயத்தை வேண்டுமென்றே கருக்கிப் போட ஆரம்பித்தார். அதற்கு எங்கள் வீட்டில் 'தம்பி பங்கு' என்று பெயர். உலகத்தில் என் பெயரால் வழங்கும் ஒரே பொருள் அதுதான்.

இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. கொழும்பிலிருந்து கண்ணாடிப் போத்தல்களில் என்னென்னவோ வருகின்றன, ஒவ்வொன்றிலும் எந்த ஊர் என்று அச்சடித்து ஒட்டி. அண்ணிக்குத் தலை வெளுத்துவிட்டது. அவர் ஜாடியில் எந்த ஊர்ப் பெயரும் இல்லை. கேட்டு வருகிறவர்களும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. போன வாரம் பூனைக்காகப் பெட்டியைக் கழுவும்போது மூடியை முகர்ந்து பார்த்தேன். இத்தனை காலத்துக்குப் பிறகும் கொஞ்சம் மதுரை இருந்தது, அதாவது கொஞ்சம் அண்ணி. கொண்டியைத் தூக்கி விட்டேன். தச்சரிடம் சொன்னபடியே இன்னும் 'டக்' என்று விழுகிறது.

அந்தக் கல்யாணம் முடிந்து மறு தையில் பெரிய கங்காணி மறுபடியும் கடைக்கு வந்தார். இரண்டாவது மகளுக்கு வரன் அமைந்திருந்தது. எனக்குள் பழைய நம்பிக்கை தலை தூக்கியது. பெட்டிகளைப்பற்றித்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்துபோனது. ஆமாம், அதே சிவப்பில் இன்னும் பன்னிரண்டு வேண்டும் என்றார். பன்னிரண்டு ஊரும் புதிதாகப் போடச் சொல்கிறேன் என்று நான் எழுந்தேன். அவர் என் தோளில் கை வைத்து உட்காரவைத்தார்.

"வேணாம் தம்பி. உள்ள ஒன்னும் வைக்காதீங்க. போன தடவ காலி பண்றதுக்கே பொம்பளைங்களுக்குப் பாதிப் பொழுது போயிருச்சு."